வரப்போகும் குளிரைக் கம்பளிப்பூச்சி அறியுமா?

நம் நாட்டில் குளிர்காலம் என்று ஒன்றில்லை. ஆயினும் தோட்டங்களில் ‘விண்டரிங்’ என்னும் சொல் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்கிளைகளோடு நிற்கும் காலத்தைத் துரைமார்கள் அவ்வாறு அழைத்தனர். கிராணிமாரும் அதையே சொல்லலாயினர். குளிர்காலத்தைக் கழித்தல் என்பது அதன் பொருள். தங்கள் ஊரில் குளிர் வரும்போது மரங்கள் மொட்டையாகும் காட்சியை நினைவில் கொண்டு, குளிர்நாட்டார் நம் வெயில்நாட்டு மரத்திற்கு இட்ட பெயர் அது.

அக்குளிர்நாடுகளில் வாழும் மக்கள், வரவிருக்கும் குளிர்காலம் கொடியதாக இருக்குமா, மிதமாக இருக்குமா என்பதைப் பூச்சியையும் பழத்தையும் விலங்கையும் பார்த்து முன்கூட்டியே சொல்லி வந்தனர், இன்றும் சொல்லுகின்றனர். அவற்றுள் எதை நம்பலாம், எதை நம்பலாகாது, அதனை எவ்வாறு பிரித்தறிவது என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பாடம். யாரோ தூரதேசத்தார் கதை நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா. விடியுமுன் வாசலுக்கு வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, ‘இன்று வெட்டு உண்டா, இல்லையா’ என்று கணிப்பது நம் தோட்ட மக்களுக்கு அன்றாடப் பழக்கம். மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்றைய வெட்டு போயிற்று. வானத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு வானத்தைப் பற்றிய குறிகள் விளையாட்டல்ல.

குளிர் என்றவுடன் கேமரன் மலைக் குளிரை நினைத்துக்கொள்ளக் கூடாது. வட அமெரிக்காவின் பல பகுதிகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆறுகளும் ஏரிகளும் உறைந்து கல்லாகின்றன. புல் முளைப்பதில்லை. பனி வீட்டு வாசலை மூடிவிடும். சென்ற நூற்றாண்டுகளில் அங்கு வாழ்ந்த குடியானவன் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே விறகு பிளந்து அடுக்கவும், மாட்டுக்கு உலர்ந்த புல் சேர்க்கவும், வீட்டாருக்கு உணவுப்பொருள் பதனம் செய்து வைக்கவும் வேண்டியிருந்தது. எத்தனை மாதத்திற்குச் சேர்ப்பது? குளிர் ஒரு மாதம் கூடுதலாக நீடித்தால் தொழுவத்தில் மாடு பட்டினியால் சாகும். அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தாலோ, வேறு வேலைக்கு ஆகவேண்டிய உழைப்பும் பொருளும் வீணாகும். இந்த நெருக்கடியிலிருந்தே குறிகள் பிறந்தன. ஆகவே, அம்மக்களை அறியாமை மிக்கவர்கள் என்று நாம் எள்ளுவது முறையன்று.

வெங்காயத்தின் தோல் தடித்திருந்தால் கடுங்குளிர் வரும் என்றனர். அணில்கள் பரபரப்பாகக் கொட்டைகளைச் சேர்த்தாலும் கடுங்குளிர் என்றனர். வேலிப்புதர்களில் சிவந்த கனிகள் மிகுதியாகக் காய்த்தால், வரப்போகும் கொடுமையை அறிந்த இறைவன் பறவைகளுக்கு முன்னதாகவே உணவு படைத்து வைத்திருக்கிறான் என்று இங்கிலாந்தில் கூறினர். நம் சந்தைகளில் சீனப் பெருநாளை ஒட்டி ‘பிசாங் காக்கி’ என்னும் பழம் விற்கப்படுகின்றதல்லவா? அதற்கு உறவான காட்டுப்பழம் ஒன்று அமெரிக்காவின் தென்பகுதியில் உண்டு. அதன் விதையை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே வெண்மையான முளைப்பகுதி தெரியும். அது கரண்டி போன்றிருந்தால், வாரித்தள்ள வேண்டிய அளவுக்குப் பனி கொட்டும். கத்தி போன்றிருந்தால், வெட்டும் குளிர்காற்று வீசும். முட்கரண்டி போன்றிருந்தால் குளிர் மிதமாயிருக்கும் என்பது அவ்வூரார் கணிப்பு. ஒரே மரத்துப் பழங்களிலும் வெவ்வேறு வடிவங்கள் காணப்படுவதுண்டு. எந்தப் பழத்தைப் பிளக்கிறோம் என்பதைப் பொறுத்தே அவ்வூரில் குளிர் அமையும் போலும்!

கம்பளிக் கரடியின் கதை

இக்குறிகள் அனைத்திலும் பெரும்புகழ் பெற்றது ஒரு கம்பளிப்பூச்சி. நாம் அதன் உரோமத்தைக் கண்டு கம்பளிப்பூச்சி என்கிறோம். அமெரிக்கரும் அதே காரணத்தால் ‘கம்பளிக் கரடி’ என்கின்றனர். இரு முனைகளிலும் கறுப்பு உரோமமும், நடுவில் செம்பழுப்புப் பட்டையும் கொண்டது அது. இலையுதிர் காலத்தில் சாலைகளைக் கடந்து ஊர்ந்து செல்வதைப் பலரும் காணலாம். நடுப்பட்டை அகலமாக இருந்தால் மிதமான குளிர். கறுப்பு மிகுந்திருந்தால் கடுங்குளிர் என்பது நம்பிக்கை. அது வடக்கு நோக்கி ஊர்ந்தால் மிதமான குளிர், தெற்கு நோக்கி ஊர்ந்தால் கடுங்குளிர் என்போரும் உளர்.

1948ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், நியூயார்க் நகரின் அமெரிக்க இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் பூச்சிப் பகுதிப் பொறுப்பாளராக இருந்த டாக்டர் கர்ரன் என்பார் இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். நகருக்கு வடக்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவிலுள்ள பேர் மலைப் பூங்காவிற்குத் தம் துணைவியாருடன் சென்று, ஒரே நாளில் கண்ணில் பட்ட கம்பளிப்பூச்சிகளைப் பிடித்து, அவற்றின் உடற்கணுக்களை எண்ணினார். இப்பூச்சியின் உடலில் 13 கணுக்கள் உண்டு. அவற்றுள் எத்தனை பழுப்பு என்று சராசரி கண்டு, வரப்போகும் குளிர்காலத்தைக் கணித்து, பத்திரிகையாளராகிய நண்பர் ஒருவர் வாயிலாக ‘நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன்’ நாளிதழில் வெளியிடச் செய்தார். செய்தி நாடெங்கும் பரவிற்று. தொடர்ந்து எட்டாண்டுகள் அவர் அவ்வாறு சென்று எண்ணினார். அவர் பிடித்த பூச்சிகளின் பழுப்புக் கணுக்கள் சராசரி 5.3 முதல் 5.6 வரை இருந்தன. அதாவது, உடலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பழுப்பு. அக்குளிர்காலங்களும் மிதமாகவே அமைந்தன.

அப்படியானால் நம்பிக்கை மெய்யாகிவிட்டதா? இங்கேதான் நிதானம் வேண்டும். டாக்டர் கர்ரனே, தாம் பிடித்தவை மிகச் சில என்பதை நன்கு உணர்ந்திருந்தார். முதல் முறை அவருக்குக் கிடைத்தவை 15 பூச்சிகளே. ஒரே மலையில், ஒரே நாளில் பிடித்த சில பூச்சிகளைக் கொண்டு ஒரு நாட்டின் குளிரை அளப்பது, ஒரே நிரையில் நாலைந்து மரத்து மங்குகளைப் பார்த்துத் தோட்டம் முழுவதின் பாலைக் கணக்கிடுவதை ஒக்கும். கணக்கு சில வேளை பொருந்தவும் கூடும். பொருந்தியதனால் வழி சரியென்று ஆகிவிடாது.

அப்பூச்சியின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை இன்னும் சுவையானது. முட்டையிலிருந்து வந்தபின் இது பலமுறை தோலுரித்து வளருகின்றது. ஒவ்வொரு முறையும் கறுப்பு குறைந்து பழுப்புப் பட்டை அகலமாகின்றது. ஈரம் மிகுந்த சூழலில் வளர்ந்த பூச்சியிடம் கறுப்பு கூடுதலாகத் தங்குகின்றது. ஆகவே, அகன்ற பட்டை உணர்த்துவது யாது? இப்பூச்சிக்கு வயது கூடுதல். வசந்தம் முன்னதாக வந்தமையால் நெடுநாள் தின்று வளர்ந்தது என்பதேயாகும். அதன் முதுகில் எழுதியிருப்பது சென்ற வசந்தத்தின் வரலாறு. அதனை வருங்காலத்துச் செய்தியாக மக்கள் படித்தனர்.

பூச்சி ஏன் சாலையைக் கடக்கிறது என்ற கேள்விக்கும் விடை உண்டு. உதிர்ந்த இலைக்கும் மரக்கட்டைக்கும் அடியில் பதுங்க இடம் தேடிச் செல்கிறது. தன் உடலில் கிளிசரால் என்னும் பொருளை உண்டாக்கிக்கொண்டு, பனிக்கட்டியாய் உறைந்தும் சாகாமல் கிடந்து, மீண்டும் வசந்தத்தில் உயிர்ப்புற்று, கூடு கட்டி, அந்துப்பூச்சியாகப் பறந்து போகின்றது. குளிரைக் கணிக்க அது அறியாது. எந்தக் குளிரையும் தாங்க அறிந்திருக்கிறது. நாம் வியக்க வேண்டியது இதனையே.

வட கரோலினா மாநிலத்தின் பேனர் எல்க் என்னும் ஊரில் 1978 முதல் ஆண்டுதோறும் இப்பூச்சிக்குத் திருவிழா எடுக்கின்றனர். பூச்சிகளை நூலின்மேல் ஏறவிட்டுப் பந்தயம் வைத்து, வென்ற பூச்சியின் 13 கணுக்களைக் குளிர்காலத்தின் 13 வாரங்களாகக் கொண்டு பலன் சொல்கின்றனர். கேட்பவர்கள் சிரித்து மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர். அதில் தீங்கொன்றுமில்லை.

குறி எக்காலத்தைப் பேசுகிறது?

கம்பளிப்பூச்சி நமக்கு நல்லதொரு கேள்வியைக் கற்பிக்கின்றது. எந்தக் குறியைக் கண்டாலும், ‘இது எக்காலத்தைப் பற்றிப் பேசுகிறது?’ என்று கேட்க வேண்டும். வேலிப்புதரில் கனி மிகுந்தது ஏன்? பூத்த காலத்தில் உறைபனி பூவைக் கருக்கவில்லை. தேனீக்கள் தடையின்றி வந்து போயின. அதுவும் சென்ற காலமே. அணில் ஓயாமல் சேர்த்தது ஏனெனில் மரங்கள் அவ்வாண்டு நன்றாகக் காய்த்தன. காய்த்ததும் சென்ற காலமே.

நிகழ்காலத்தைப் பேசும் குறிகளும் உண்டு. சுவர்க்கோழி இனத்தைச் சேர்ந்த சிறு பூச்சியொன்று அமெரிக்க மரங்களில் இரவெல்லாம் ஒலிக்கும். வெப்பம் கூடினால் விரைவாகவும், குறைந்தால் மெதுவாகவும் ஒலிப்பதைக் கவனித்த அமோஸ் டால்பேர் என்னும் பௌதிக விஞ்ஞானி, 1897இல் அதற்கொரு கணக்கு வகுத்தார். பின்னர் எளிதாக்கப்பட்ட கணக்கு இது: 14 விநாடிகளில் கேட்கும் ஒலிகளை எண்ணி, 40ஐக் கூட்டினால் பாரன்ஹீட் வெப்பநிலை கிடைக்கும். 20 ஒலிகள் கேட்டால் 60 டிகிரி. நம் கணக்கில் ஏறத்தாழ 16 டிகிரி செல்சியஸ். பூச்சியின் தசைகள் சுற்றுப்புறத்து வெப்பத்திற்கேற்ப இயங்குவதே காரணம். மெய்யான குறிதான், ஆனால், நாளைய வெப்பத்தை அது சொல்லாது.

அடுத்த சில மணி நேரத்தைப் பேசும் குறிகளும் சில உள. நிலவைச் சுற்றிக் ‘கோட்டை கட்டியிருக்கிறது, மழை வரும்’ என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். குளிர்நாட்டாரும் அதையே சொல்லுவர். மிக உயரத்தில் மெல்லிய மேகமாகப் பரவிய பனித்துகள்களில் நிலவொளி வளைவதால் உண்டாவது அவ்வளையம். குளிர்நாடுகளில் மழையோ பனியோ கொண்டுவரும் மேகக் கூட்டத்திற்கு முன்னோடியாக அத்தகைய மேகம் வருவது வழக்கம். வரும் மழையின் முதல் அங்கமே கண்ணுக்குத் தெரிவதால், இக்குறி பலகாலும் பலிக்கின்றது. நம் நாட்டில் இடிமழை மேகங்களின் உச்சி சிதறியும் அத்தகைய மெல்லிய மேகம் உண்டாவதால், இங்கே அதனை அவ்வளவு நம்ப முடியாது.

அமெரிக்காவின் பங்சுடானி என்னும் ஊரில் 1887 முதல் பிப்ரவரி 2ஆம் நாளன்று நடைபெறும் சடங்கை இங்குக் குறிப்பிடாமல் விடலாகாது. அணில் குடும்பத்தைச் சேர்ந்த, வளையில் உறங்கும் பருத்த விலங்கு ஒன்றை அன்று காலையில் வெளியே தூக்குவர். அது தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்குமாம். ஜெர்மனியிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த வழக்கம் இது. அமெரிக்க அரசின் வானிலைப் பதிவுகளோடு அண்மைக் காலக் கணிப்புகளை ஒப்பிட்டதில், பாதிக்கும் குறைவாகவே பலித்திருக்கின்றன. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் இதனினும் மேலாக இருந்திருக்கும்.

இயந்திரங்களாலும் இது எளிதன்று. 1961இல் எட்வர்டு லோரன்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி கணிப்பொறியில் ஒரு கற்பனை வானிலையை ஓடவிட்டிருந்தார். ஒரு பகுதியை மீண்டும் பார்க்க விரும்பி, 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக, தாளில் அச்சாகியிருந்தபடி 0.506 என்று சுருக்கிப் பதித்துவிட்டுக் காப்பி அருந்தச் சென்றார். திரும்பி வந்து பார்க்கையில், முன்பு வந்த வானிலைக்கும் இப்போது வந்ததற்கும் தொடர்பே இல்லை! மயிரிழை வேறுபாடு நாளடைவில் மலையாக வளர்ந்துவிட்டது. இன்ன நாளில், இன்ன இடத்தில் மழை என்று ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு அப்பால் சொல்ல இயலாமைக்குக் காரணம் இதுவே. மூன்று மாதத்திற்குப் பிந்திய குளிரைக் கம்பளிப்பூச்சி எங்ஙனம் அறியும்?

மெய்யான ஒரு குறி

ஆயினும், பாமரர் கண்ட நெடுங்காலக் குறியெல்லாம் பொய்யென்று தள்ளிவிடக் கூடாது. தென் அமெரிக்காவின் பெரு, பொலிவியா நாடுகளில், ஆண்டீஸ் மலைச்சாரல்களில் உருளைக்கிழங்கு பயிரிடும் குடியானவர்கள் உளர். ஜூன் 24ஆம் நாளை ஒட்டி, கடுங்குளிரில், விடியுமுன் மலையேறி, வானில் கார்த்திகை மீன்கூட்டத்தை உற்று நோக்குவர். நாம் ஆறு மீன் என்று சொல்லும் அதே கூட்டம்தான். அம்மீன்கள் பெரிதாகவும் தெளிவாகவும் ஒளிர்ந்தால், சில மாதங்களுக்குப் பின் வரும் மழை நன்றாகப் பெய்யும் என்று வழக்கமான காலத்தில் நடுவர். மங்கித் தெரிந்தால், மழை பிந்தும், குறையும் என்று நடவைத் தள்ளிப்போடுவர். நூற்றாண்டுகளாக இருந்து வரும் வழக்கம் இது.

ஓர்லோவ் என்னும் மானிடவியல் அறிஞரும், சியாங், கேன் என்னும் பருவநிலை விஞ்ஞானிகளும் இதனை வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, 2000ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அக்குடியானவர்களின் குறி மெய்யென்றே அவர்கள் கண்டனர். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வழக்கத்திற்கு மேல் வெதும்பும் ஆண்டுகளில், அம்மலைகளுக்கு மேலே கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மேகம் ஜூன் மாதத்திலேயே பரவி மீன்களை மங்கச் செய்கின்றது. அதே கடல் வெப்பம்தான் பின்னர் மழையையும் குறைக்கின்றது. காரணம் ஒன்று, அதன் இரண்டு விளைவுகளுள் முன்னதை அவர்கள் கண்ணால் கண்டு, பின்னதைச் சொன்னார்கள். கம்பளிப்பூச்சிக்கும் வரப்போகும் குளிருக்கும் இடையே அத்தகைய பாலம் ஏதுமில்லை.

அக்கடல் வெதுப்பத்திற்கு ‘எல் நினோ’ என்று பெயர். ‘குழந்தை இயேசு’ என்று பொருள். கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டி நீர் வெதும்புவதைக் கண்ட பெரு நாட்டு மீனவர்கள் இட்ட பெயர் அது. எல் நினோ ஆண்டுகளில் அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் குளிர் பெரும்பாலும் மிதமாக அமைகின்றது. நம் நாட்டில், சிறப்பாகச் சபாவிலும் சரவாக்கிலும், மழை குறைகின்றது. 1997இல் நம் தோட்டங்களையும் பட்டணங்களையும் மூடிய புகைமூட்டத்தை நினைவுகூர்வோர் பலர் இருப்பர். அண்டை நாட்டுக் காடுகளில் மூண்ட தீ அவ்வாண்டு அத்துணை பரவியதற்கு எல் நினோ வறட்சி துணைநின்றது. இன்று வானிலை இலாகாக்கள் பருவகாலத்திற்கு முன்னறிவிப்புத் தருவதற்குக் கடல் வெப்பத்தையே முதன்மையாகக் கொள்கின்றன. அதுவும் ‘கூடும், குறையும்’ என்னும் வாய்ப்பைச் சொல்வதேயன்றி, நாள் குறித்துக் கொடுப்பதன்று. நாள் கணக்கில் தெரிந்துகொள்ளத் தொடர்மழை எச்சரிக்கை இருக்கின்றது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் மலேசிய வானிலை இலாகா அதனை அறிவிக்கின்றது. ஆற்றோரத்து லயங்களில் இருப்போர், எறும்பு மேடேறுகிறதா என்று பார்த்திருப்பதைவிட இவ்வறிவிப்பைக் கேட்டு நடப்பது உயிருக்குப் பாதுகாப்பு.

இனி நம் மரத்திற்கு வருவோம். ரப்பர் மரத்தின் இலையுதிர்வும் ஒரு குறியே. அது எக்காலத்தைப் பேசுகின்றது? சில வாரங்களாக நிலவிய வறட்சியைப் பேசுகின்றது. வறட்சி தெளிவாக அமையும் கெடா, பெர்லிஸ் பகுதிகளில் மரங்கள் ஏறத்தாழ ஒருசேர மொட்டையாகி ஒருசேரத் துளிர்க்கின்றன. ஆண்டெல்லாம் மழை பெய்யும் ஜொகூர் போன்ற தென்பகுதியிலோ, ஒரு மரம் துளிர்க்கையில் மற்றொன்று உதிர்த்துக்கொண்டிருக்கும். செம்பு நிறத் துளிர் விரியும் நாள்களில் சாரலும் ஈரமும் இருந்தால், ‘ஓய்டியம்’ என்னும் சாம்பல் நோய் இளந்துளிரையும் பூவையும் பற்றிக்கொள்கின்றது. பூ கருகினால் காய் ஏது? பல மாதங்களுக்குப் பின்னர் காய் வெடிக்கும் ஓசை குறைவாகக் கேட்டு, பிள்ளைகள் பொறுக்க விதை கிடைக்கவில்லையென்றால், அது துளிர்க்காலத்து வானிலையின் பதிவு. கம்பளிப்பூச்சியின் பட்டையைப் போன்றதே இதுவும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. 2017 முதல் நம் நாட்டு ரப்பர் மரங்களில் ‘பெஸ்டலோடியோப்சிஸ்’ எனப்படும் இலையுதிர் நோய் காணப்படுகின்றது. பருவம் தவறி, ஓராண்டில் இரண்டு மூன்று முறைகூட இது இலையை உதிர்க்கவல்லது. இலையில்லாத மரம் உணவு ஆக்க முடியாது, பாலும் குறையும், பால் குறைந்தால் வெட்டுபவர் கூலியும் குறையும். ‘இவ்வாண்டு விண்டரிங் முன்னதாக வந்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு வாளாவிருந்தால், நோய் அடுத்த நிரைக்கும் அடுத்த தோட்டத்திற்கும் பரவும். இயல்பான உதிர்வில் இலை முழுவதும் மஞ்சளாகவோ சிவந்தோ மாறி விழும். நோயுற்ற இலையில் வட்ட வடிவமான பழுப்புப் புள்ளிகள் தனித்தனியே தெரியும்.

முதல் இலை மஞ்சளான நாள், மரம் மொட்டையான நாள், துளிர் கண்ட நாள், மழை பெய்த நாள்கள் ஆகிய நான்கையும் ஒரு பள்ளிக் கொப்பியில் பிள்ளைகளைக் கொண்டு குறித்துவரச் செய்யலாம். மூன்று ஆண்டுகள் குறித்தால் உங்கள் நிரையின் வழக்கம் உங்களுக்கே விளங்கும்; வழக்கத்திற்கு மாறான உதிர்வும் உடனே தெரியவரும். அவ்வாறு தெரிந்தால், புள்ளி விழுந்த இலைகளில் நாலைந்தைப் பழைய செய்தித்தாளில் மடித்து, நிரையின் எண்ணையும் தேதியையும் அதன்மேல் எழுதி, அன்றைக்கே தோட்ட அலுவலகத்தில் சேர்ப்பித்து விடுங்கள்.